மாரியில் ஒழுகும் ஹோஸ்: கட்டுவதா, வெட்டுவதா, வவுனியாவுக்குப் போவதா?

விளக்கீட்டுக்கு இரண்டு நாள் இருக்கையில் எங்கள் விறகு கொத்தும் இயந்திரத்துக்கு ஒயில் போகும் றப்பர் ஹோஸ் ஒழுகத் தொடங்கியது. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. படங்குக்குக் கீழே ஒரு உழவு இயந்திரப் பெட்டி நிறைய வேம்பும் மாவுமாகக் குற்றிகள் கிடந்தன. எங்கள் காணியில் காற்றுக்கு விழுந்த மரங்கள் அவை. மாங்குளம் பக்கத்துப் பேக்கரி ஒன்றுக்கு நான்கு நாளில் கொத்திக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். போறணைக்கு நெருப்பு மூட்டுகிறவரிடம் ஹோஸ் கதை சொல்லிப் பயனில்லை. அவருக்கு விடியுமுன் பாண் வேக வேண்டும்.

இயந்திரத்தின் பிறப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வரும் கணக்கு விளங்காது. 2022 இல் எரிவாயு சிலிண்டருக்கு வரிசையில் நின்று களைத்து, ஊரே மறுபடியும் விறகுக்குத் திரும்பியபோது ஒட்டுப் பட்டறை ஒன்றில் செய்வித்தது இது. ஒரு தடித்த இரும்பு பீம், அதன் ஒரு முனையில் கோடாலி வாய் போல ஆப்பு, மறுமுனையில் கழித்துவிட்ட பெக்கோ (மண் வெட்டும் இயந்திரம்) ஒன்றிலிருந்து வந்த நான்கு அங்குல சிலிண்டர். ஒயிலைத் தள்ளுவது எங்கள் பழைய மசி பெர்குசன் 240 உழவு இயந்திரம். ஒயிலை எந்தப் பக்கம் விடுவது என்று திருப்பும் நெம்பு வால்வு அதன் பின்னால் பூட்டியிருக்கிறது. அங்கிருந்து சிலிண்டரின் இரு முனைக்கும் இரண்டு ஹோஸ்கள் போகின்றன. வால்விலிருந்து உழவு இயந்திரத்தின் பின்பெட்டிக்கு, அதாவது கியர்கள் இருக்கும் பெட்டிக்கு, ஒயில் திரும்பிப் போக இன்னொரு ஹோஸ். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2000 இறாத்தலைத் தாண்டினால் வால்வு தானே திறந்து ஒயிலைத் திருப்பிவிடும்படி வைத்திருக்கிறோம். நான்கு அங்குல சிலிண்டரின் முகப்பரப்பு பன்னிரண்டரைச் சதுர அங்குலம். பெருக்கிப் பாருங்கள்: 25,000 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 11 தொன். முறுகிய வேப்பங் குற்றியும் அதற்கு மேல் மறுப்புச் சொல்வதில்லை.

அந்த 11 தொன்னும் விரல் பருமனான ஒரு றப்பர்க் குழாய்க்குள்ளால்தான் போய்வருகிறது. இது மறந்துபோகிற விஷயம். நானும் மறந்திருந்தேன், மருமகன் கையை நீட்டும் வரை.

தங்கையின் மகன் அவன். ஹோஸின் கீழ்ப்பக்கம் ஈரமாக இருப்பதைக் கண்டதும், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எங்கே ஓட்டை என்று விரலால் தடவப் போனான். கையைத் தட்டிவிட்டேன். கோபித்துக்கொண்டான். ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து இந்த அழுத்தத்தில் வரும் ஒயில் தாரை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, புகை போல ஒரு மூட்டம் மட்டும் தெரியலாம். ஆனால் அது தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். உள்ளே போன இடத்தில் முள் குத்தியது போல ஒரு புள்ளிதான் இருக்கும், வலியும் முதலில் பெரிதாக இராது. அதுதான் ஆபத்து. உள்ளே ஒயில் சதையைச் சிதைத்துக்கொண்டு விரல் நரம்பின் வழியே மேலே ஏறும். சில மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை செய்து கழுவி எடுக்காவிட்டால் விரலை, சில வேளை கையையே எடுக்க நேரிடும். இப்படி நடந்தால் மஞ்சள் பூசி, துணி சுற்றி, நாளைக்குப் பார்ப்போம் என்று படுக்கக் கூடாது. 1990 ஐ அழைத்து நோயாளர் காவு வண்டியில் உடனே பெரிய வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அங்கே “கையில் சிறு காயம்” என்று சொல்லாமல் “உயர் அழுத்த ஒயில் தோலுக்குள் போய்விட்டது” என்றே சொல்ல வேண்டும். முன்னதைச் சொன்னால் மருந்து கட்டி அனுப்பிவிடக் கூடும்.

ஓட்டையைத் தேடுவதற்கு விரல் தேவையில்லை. இயந்திரத்தை நிறுத்தி, நெம்பை முன்னும் பின்னும் நான்கு தரம் அசைத்து உள்ளே அடைபட்டிருக்கும் அழுத்தத்தை இறக்கி, ஹோஸைப் பழந்துணியால் வழித்துத் துடைத்துவிட்டுச் சாம்பல் தூவுங்கள். பிறகு ஓடவிட்டு, தள்ளி நின்று, ஒரு நீளத் தடியின் நுனியில் கட்டிய பிஸ்கட் பெட்டி மட்டையை ஹோஸின் வழியே கொண்டுபோங்கள். மட்டையில் கறை விழும் இடம்தான் இடம். மழை நாளில் இதைக் கொட்டிலுக்குள் வைத்துத்தான் செய்ய முடியும். நனைந்த ஹோஸில் தண்ணீரையும் ஒயிலையும் பிரித்துப் பார்க்கப் போனால் பொழுதுதான் போகும்.

இந்த வேலையைச் செய்யாமலே நாங்கள் முதல் ஒரு மணி நேரத்தை வீணாக்கினோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒயில் ஹோஸின் தாழ்ந்த இடத்தில் சொட்டியது. நட்டடியில் இருந்துதான் வழிகிறது என்று நானே தீர்ப்புச் சொல்லி, ஸ்பானரைப் போட்டு முறுக்கோ முறுக்கென்று முறுக்கினேன். நட்டிலிருந்து ஒழுகினால் அது மலிவான வருத்தம்: உள்ளே இருக்கும் கூம்பு முகத்தைத் துடைத்து, தேய்ந்த ஓ-றிங்கையோ (றப்பர் வளையம்) வாஷரையோ மாற்றி, ஒரு ஸ்பானரால் பிடித்து மற்றதால் அளவாக இறுக்கினால் தீர்ந்தது. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை ரேப்பை அங்கே சுற்றக் கூடாது. கூம்பில் அடைக்கும் பூட்டுக்கு மரை அடைப்பு அல்ல, ரேப்பின் துண்டு பிய்ந்து வால்வுக்குள் போனால் அடுத்த செலவு வால்வு. நட்டுக்கும் றப்பருக்கும் இடையே நெரித்துப் பூட்டிய இரும்புக் குப்பி இருக்கிறதல்லவா, ஒயில் அதன் வாயிலிருந்து கசிந்தால் எந்த ஸ்பானரும் உதவாது. எங்களுக்கு அதுவும் இல்லை. குப்பியிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி, பீமின் விளிம்பில் உரசி உரசி வெளித்தோல் போய், உள்ளே இருந்த கம்பிவலை துருப்பிடித்துக் கிடந்தது.

கனடாவில் இருக்கும் மைத்துனரிடம் அன்றிரவு தொலைபேசியில் சொன்னேன். அவரிடமும் விறகு பிளக்கும் இயந்திரம் ஒன்று உண்டு, அங்கே அது குளிர்கால வேலை. “ஒயிலைச் சூடாக்கினாயா?” என்றார். அவருடைய ஊரில் அது சரியான கேள்வி. உறைபனியில் ஒயில் தடித்துப்போகும், றப்பர் விறைத்து மடிப்பில் வெடிக்கும், ஓ-றிங்கும் இறுகி ஒழுகும். ஆகையால் 32 ஆம் தர மெல்லிய ஒயில் ஊற்றி, வேலைக்கு முன் இயந்திரத்தைச் சும்மா ஓடவிட்டுச் சூடேற்றுகிறார்கள். வன்னியில் மார்கழி விடியற்காலையும் 20 பாகையை ஒட்டித்தான் நிற்கும். நமது ஹோஸைக் கொல்வது குளிரல்ல. கோடை வெயில் வெளித்தோலை வெடிக்க வைக்கிறது, மாரித் தண்ணீர் அந்த வெடிப்பால் உள்ளே போய்க் கம்பியைத் துருவாக்குகிறது. வேலை செய்கிற நாளில் அல்ல, சும்மா வெளியில் கிடக்கிற நாள்களில்தான் நமது ஹோஸ் பழுதாகிறது.

மைத்துனர் சொன்ன பரிகாரமும் அந்த ஊருக்குரியதுதான்: “காரில் போய்ப் புதிதாக ஒன்று செய்வித்துக்கொண்டு வா, பதினைந்து நிமிட வேலை.” நாங்கள் இருக்கும் ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து அது பதினைந்து நிமிட வேலை அல்ல. ஹோஸ் செய்து தரும் கடை வவுனியாவில். பஸ்ஸுக்குக் காத்திருந்து, மாங்குளத்தில் மாறி, ஏ-9 வீதியால் அங்கே போய்த் திரும்புவதற்கு ஒரு பகல் வேண்டும், மழை நாளில் சில வேளை இரவும் தொட்டுவிடும். அந்தப் பகலை மிச்சம் பிடிக்க வழி இருக்கிறதா என்பதுதான் இங்கே கேள்வியே.

முதல் வழியை எல்லோரும் வாய் திறக்குமுன்பே அறிவேன்: சைக்கிள் ரியூப்பை நீளவாக்கில் வெட்டி இழுத்துச் சுற்றிக் கம்பியால் கட்டுவது. எங்கள் ஊரில் இதற்கு ஒரு பெருமையும் உண்டு. 1990 களில் பொருளாதாரத் தடை இருந்தபோது, சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய தலைமுறை நாங்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம், ஜாம் போத்தலில் விளக்குச் செய்து படித்தோம். இருப்பதைக் கொண்டு சமாளிப்பது எங்களுக்குக் கைப்பழக்கம். நீரிறைக்கும் பம்பின் குழாயில் ரியூப் கட்டி ஒரு போகம் முழுவதும் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். அது சரியாக வேலை செய்தது என்பதுதான் இப்போது சிக்கல். சைக்கிள் ரயரில் இருக்கும் காற்று 50 இறாத்தல் என்று வைத்துக்கொண்டால், இந்த ஹோஸுக்குள் இருப்பது அதைப் போல நாற்பது மடங்கு. ரியூப் ஒழுகலை நிறுத்தாது, மறைக்கும். ஊசித் தாரை றப்பருக்கு அடியில் ஓடி, நீங்கள் எதிர்பாராத பக்கத்தால், பெரும்பாலும் நெம்பைப் பிடித்திருப்பவர் பக்கத்தால் பீறும். எபொக்ஸிக் களி பூசுவதும் இதே சாதிதான். அழுத்தம் ஏறும்போது ஹோஸ் வீங்கிச் சுருங்கும், களி விறைப்பாக நின்று உரியும்.

ஆகவே கட்டுவதை நான் ஒரு தெரிவாகவே எண்ணவில்லை. ஆனால் ஒரு விலக்கு உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. வால்விலிருந்து பின்பெட்டிக்கு ஒயில் திரும்பிப் போகும் ஹோஸில் அழுத்தம் மிகக் குறைவு. அது ஒழுகினால் கெட்ட துண்டை வெட்டி எறிந்துவிட்டு, நடுவே ஒரு இரும்பு இணைப்புக் குழாயைச் செருகி, இரு பக்கமும் இரண்டிரண்டு ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கி அன்றைக்கே வேலை பார்க்கலாம். ஒயிலைத் தாங்கும் றப்பராக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் ஒயிலில் ஊறிப் பொதுமி விடும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சிலிண்டருக்குள்ளிருந்து நீண்டு குற்றியைத் தள்ளுகிற தண்டு இருக்கிறதே, அந்தத் தண்டுப் பக்கத்து ஹோஸையும் “அது திரும்பி வருகிற ஹோஸ்தானே” என்று இந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். ஆப்பை நோக்கித் தள்ளும்போது அதன் வழியே ஒயில் திரும்பி வருவது உண்மைதான். தண்டை உள்ளே இழுக்கும்போது அதே ஹோஸில் முழு அழுத்தமும் நிற்கிறது. இன்னும் மோசமான ஒன்றும் உண்டு. எங்கள் இரண்டு ஹோஸ்களிலும் கழற்றிப் பூட்டும் கப்ளிங் இருக்கிறது. தண்டுப் பக்கத்துக் கப்ளிங் சரியாகப் பூட்டப்படாமல் அடைத்துக்கொண்டால், தள்ளும்போது அந்தப் பக்கத்து ஒயிலுக்குப் போக்கிடம் இல்லை. சிலிண்டர் நான்கு அங்குலம், தண்டு இரண்டு அங்குலம். தண்டு பிடிக்கும் இடத்தைக் கழித்தால் அந்தப் பக்கத்து முகப்பரப்பு ஒன்பதரைச் சதுர அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அந்தப் பக்கம் 2000 இறாத்தலில் தள்ளினால் இந்தப் பக்கம் 2650 க்கு மேல் ஏறும். வால்வின் பாதுகாப்பு இதை அறியாது, அது இருப்பது மறுபக்கத்தில்.

இந்த எண் ஏன் முக்கியம் என்றால், எங்களிடம் ஒழுகியது அதே தண்டுப் பக்கத்து ஹோஸ். அதன் முதுகில் அழியாமல் எஞ்சியிருந்த எழுத்தை மருமகன் துடைத்து வாசித்தான்: ஆர்1. ஒற்றைக் கம்பிவலை ஹோஸ் என்று அர்த்தம். அரை அங்குல ஆர்1 ஹோஸ் ஏறத்தாழ 2300 இறாத்தல் வேலை அழுத்தத்துக்குச் செய்யப்படுவது. இரட்டைக் கம்பிவலை உள்ள ஆர்2 அதே அளவில் ஏறத்தாழ 4000 வரை தாங்கும். இரண்டும் வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். பட்டறையில் முதல் நாள் மலிவானதைப் போட்டுவிட்டார்கள், நானும் கேட்கவில்லை. 2000 க்கு 2300 போதும் என்று தோன்றும். 2650 க்குப் போதாது. ஆகவே அதே மாதிரி ஒன்றை மறுபடி போடுவதும் அன்றைக்கே தெரிவுகளிலிருந்து விழுந்துவிட்டது.

அப்படியே ஓட்டிவிட்டால் என்ன, நான்கு நாள்தானே? செக்கனுக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்கு 180 மில்லிலீட்டர் அளவில் போகும். ஒரு நாள் வேலைக்கு ஒன்றரை லீட்டர். தனிப் பம்பும் தனித் தாங்கியும் உள்ள இயந்திரம் என்றால் ஊற்றிக்கொண்டே ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். மசி பெர்குசன் போன்றவற்றில் ஹைட்ரோலிக் பம்ப் பின்பெட்டிக்குள்ளேயே மூழ்கி இருக்கிறது. கியர்களும் டிஃபரன்ஷியலும் குளிப்பது அதே ஒயிலில். ஹோஸ் வெடித்து ஒயில் போனால் விறகு இயந்திரம் மட்டும் நிற்பதில்லை, உழவு இயந்திரத்தின் உயிரும் சேர்ந்து போகிறது. மழையில் திறந்த பூட்டுகள் வழியே தண்ணீர் உள்ளே போனால் ஒயில் பால் தேநீர் நிறமாகும், அந்த ஒயிலில் கியர் நீண்ட நாள் வாழாது. வயலில் நெல் நிற்கிற காலத்தில் உழவு இயந்திரத்தைப் பணயம் வைத்து விறகு கொத்துவது கெட்டிக்காரத்தனம் அல்ல.

பட்டறைக்காரர் தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார்: ஹோஸே வேண்டாம், பீமின் வழியே இரும்புக் குழாய் ஓட்டிவிடுவோம். யோசனையில் பாதி நல்லது. அசையாத இடத்தில் இரும்புக் குழாய் உரசாது, வெயிலுக்கும் அஞ்சாது. ஆனால் அவர் எடுத்து வைத்தது தண்ணீருக்குப் போடும் கல்வனைஸ் குழாய். நீளவாக்கில் ஒட்டிச் செய்த அந்தக் குழாய்க்கு இந்த வேலை தெரியாது. ஒட்டு வேலையில் உள்ளே விழும் துணிக்கைகளும் வால்வுக்கு நஞ்சு. ஒட்டில்லாத ஹைட்ரோலிக் குழாய் கிடைத்து, இரு முனையிலும் சிறு ஹோஸ் துண்டு வைத்து அதிர்வை வாங்கினால் இது கோடையில் நிதானமாகச் செய்யக்கூடிய திருத்தம். நான்கு நாள் அவசரத்துக்கு ஏற்றதல்ல.

அடுத்தது பழைய ஹோஸ். பெக்கோ கழற்றும் இடங்களில் தடித்த நல்ல ஹோஸ்கள் கிடைக்கின்றன, பெரும்பாலும் ஆர்2 தரமோ அதற்கு மேலோ இருக்கும். விலையும் கைக்கு அடங்கும். முதுகில் உள்ள அச்சில் செய்த காலாண்டும் வருடமும் இருக்கும். ஹோஸை வளைத்துப் பாருங்கள், வளைவில் மயிரிழை வெடிப்புகள் விரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். என்னுடைய தயக்கம் ஹோஸில் இல்லை, அதன் வாயில். பெக்கோவின் நட்டும் நம்முடைய நட்டும் ஒரே மரையாக இருப்பது அதிர்ஷ்டம். பி.எஸ்.பி. என்ற பிரித்தானிய மரையும் என்.பி.டி. என்ற அமெரிக்க மரையும் அரை அங்குலத்தில் இரண்டுமே அங்குலத்துக்கு 14 சுற்று. இரண்டு மூன்று சுற்று இனிமையாக ஏறும், பிறகு இறுகும், நாமும் பூட்டிவிட்டது என்று நம்புவோம். ஒன்றின் மரைக்கோணம் 55 பாகை, மற்றதற்கு 60. அழுத்தம் வந்ததும் ஒழுகும், அல்லது மரையை உரித்துக்கொண்டு பறக்கும். சரியான இடைப்பூட்டு கையில் இல்லாதவர் பழைய ஹோஸ் பக்கம் போகவே வேண்டாம்.

உண்மையில் என்னை யோசிக்க வைத்தது திருகிப் பூட்டும் முனைதான். நெரிக்கும் இயந்திரம் இல்லாமலே, இரண்டு ஸ்பானரும் ஒரு மேசைப் பிடியும் வைத்துப் பூட்டும் முனைகள் உண்டு. ஹோஸை இரும்பு வாளால் நேராக வெட்டி, வெளிக்குப்பியை இடஞ்சுழியாகத் திருகி ஏற்றி, உள்முனைக்கு ஒயில் பூசி வலஞ்சுழியாகத் திருகி இறக்கினால், கம்பிவலை இரண்டுக்கும் இடையே நெரிபட்டு நிற்கும். கழற்றி மறுபடியும் பாவிக்கலாம். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லிவிட்டு இரண்டு சோடி வாங்கி வைத்திருந்தால் வன்னிக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்றே சொல்வேன். எங்கள் ஒழுகல் முனையிலிருந்து மூன்று அங்குலத்தில்தானே இருந்தது? நான்கு அங்குலம் வெட்டி எறிந்து புதிய முனை பூட்டினால் முடிந்தது.

முடியவில்லை. காரணங்கள் மூன்று. ஆர்1 க்கான குப்பி ஆர்2 க்குப் பொருந்தாது, ஆகவே இன்று பழைய ஹோஸுக்கு வாங்குவது நாளை நல்ல ஹோஸுக்கு உதவாது. வெயிலில் இறுகிய பழைய றப்பரில் திருகு முனை புதியதில் போலப் பிடிக்காது. மூன்றாவது, ஹோஸில் நான்கு அங்குலம் விட்டுக்கொடுக்க நீளம் இல்லை. அழுத்தம் ஏறும்போது இவ்வகை ஹோஸ் நீளத்தில் நூற்றுக்கு நான்கு வரை சுருங்கலாம். தண்டு முழுவதும் நீண்டு நிற்கும் நிலையில் அளந்தால் எங்களுக்கு ஒரு சாண் தளர்வுதான் இருந்தது. அதில் நான்கு அங்குலம் போனால் ஹோஸ் நாண் போல இழுபடும். புதிய ஹோஸை மீட்டர் கணக்கில் வாங்கி வைத்து, திருகு முனையும் வைத்திருப்பவருக்கு மட்டுமே இது நடு இரவிலும் கைகொடுக்கும். என்னிடம் இரண்டும் இல்லை.

கடைசியில் எஞ்சியவை இரண்டு: வவுனியாவும் கோடாலியும். ஒன்றைத் தெரிந்து மற்றதை விடுவதா என்று இரவு முழுக்க மண்டையை உடைத்தேன். காலையில் மனைவி தேநீரை வைத்துவிட்டு, “இரண்டையும் செய்தால் என்ன?” என்றாள்.

அப்படியே செய்தோம். ஊரில் விறகு கொத்துகிற அண்ணைமார் இருவர் படங்குக்குக் கீழே நின்று, முறுகாத குற்றிகளாகப் பார்த்துப் பிளந்து தள்ளினார்கள். பழக்கப்பட்ட கைக்கு நேரான வேம்பு இரண்டு வெட்டுத்தான். கணு விழுந்தவற்றை இயந்திரத்துக்கென்று ஒதுக்கினோம். கூலிக் கணக்குப் பார்த்தால் இயந்திரத்தைவிட எவ்வளவோ கூட. ஆனால் பேக்கரிக்கு முதல் நடை விறகு சொன்ன நாளில் போனது. ஒரு நாளைக்கு அது பெறுமதிதான், ஒரு மாரிக்கு அல்ல.

மருமகன் பழைய ஹோஸைச் சாக்கில் சுற்றிக்கொண்டு முதல் பஸ்ஸில் போனான். ஹோஸ் பிரஸ் செய்யும், அதாவது முனையை நெரித்துப் பூட்டும் கடைக்குப் போகிறவர் பழைய ஹோஸை முழுதாகக் கொண்டுபோக வேண்டும். அளவைத் தாளில் எழுதிக்கொண்டு போனால் மரையில் பிழைத்துவிடும். ஆர்2 வேண்டும் என்று வாயால் சொன்னால் போதாது, வெட்டுமுன் முதுகில் உள்ள அச்சை வாசித்துப் பார்க்க வேண்டும். நெரித்த பிறகு உள்ளே காற்றடித்துத் தரச் சொல்ல வேண்டும். வெட்டும்போது விழுந்த றப்பர்த் தூளும் கம்பித் தூளும் உள்ளே இருந்தால் அவை நேரே வால்வுக்குத்தான் வரும். இவ்வளவையும் சொல்லி அனுப்பினேன்.

சொல்ல மறந்தது ஒன்று. எங்கள் ஹோஸின் இரு முனையிலும் வளைந்த பூட்டுகள். ஒன்று மேலே பார்த்தால் மற்றது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று ஒரு கோடு போட்டு அனுப்பியிருக்க வேண்டும். போடவில்லை. இருட்டியபின் வந்து சேர்ந்த புதிய ஹோஸில் ஒரு முனை கால்வட்டம் திரும்பியிருந்தது. அப்படியே பூட்டினால் ஹோஸ் முறுகி நிற்கும், முறுகிய ஹோஸ் அழுத்தம் ஏறும்போதெல்லாம் நிமிரப் பார்த்து நட்டைத் தளர்த்தும், ஆயுளும் குறையும். கடைக்காரர் மேல் பிழை இல்லை, அவர் பழைய ஹோஸைப் பார்த்தபோது அதுவே முறுகித்தான் இருந்தது. நல்ல வேளை, கப்ளிங் பக்கத்தைத் தளர்த்தித் திருப்பி இறுக்க இடம் இருந்தது. இல்லாவிட்டால் இன்னொரு பகல் வவுனியாவுக்கு.

பூட்டியபின் உடனே குற்றி வைக்கக் கூடாது. சும்மா நான்கைந்து தரம் தண்டை நீட்டி இழுத்து, உள்ளே இருக்கும் காற்றைப் பின்பெட்டிக்குத் திருப்பிவிட்டோம். பிறகு அளவுகோலை உருவிப் பார்த்தால் ஒயில் குறைந்திருந்தது, ஊற்றினோம். பீமின் விளிம்பில் ஹோஸ் உரசிய இடத்துக்கு ஒரு பழைய ரயர்த் துண்டை மெத்தையாக வைத்துக் கட்டினேன். அரை அங்குல ஆர்2 ஹோஸுக்கு ஒரு சாணுக்கும் குறைவான ஆரத்தில் வளைவு வைக்கக் கூடாது என்பதால், அது இறங்கிவரும் வழியையும் சற்று அகலமாக்கினோம். நிலத்தில் சிந்திக் கிடந்த ஒயிலுக்கு மரத்தூள் போட்டு அள்ளினோம். கிணறு இருபது அடி தள்ளித்தான் இருக்கிறது, மழைத் தண்ணீர் பள்ளத்தைத்தான் தேடும்.

விலை என்ன என்று கேட்பீர்கள். எழுதினால் நீங்கள் வாசிக்கும் நாளில் அது பொய்யாகிவிடும், 2022 இல் ஒரு வாரத்துக்கு ஒரு விலை பார்த்தவர்கள் நாங்கள். என் கணக்கு இப்படி: புதிய ஹோஸுக்குப் போன பணத்தைவிட, இரண்டு பேரின் கூலியும் பஸ் கட்டணமும் ஒரு நாள் நின்ற உழவு இயந்திரமும் சேர்ந்த செலவு கூட. ஹோஸ் விலையானது அல்ல. அது வவுனியாவில் இருப்பதுதான் விலையானது.

அதனால் அன்றைக்கு மருமகன் வாங்கிவந்தது ஒன்றல்ல, இரண்டு. இரண்டாவதன் இரு வாயையும் பொலித்தீன் சுற்றி இறுக்கக் கட்டி, வெயிலும் மழையும் படாமல் நெல்லு மூட்டைக்கு மேலே வளையமாகத் தொங்கவிட்டோம். மார்கழி நடுவில் பக்கத்துக் காணிக்காரர் மழைக்குள் சைக்கிளில் வந்தார். வயலுக்குப் பசளை ஏற்றிப்போன டிப்பர் பெட்டியின் ஹோஸ் வெடித்துவிட்டதாம், பெட்டி பாதி தூக்கியபடி நிற்கிறதாம். பெட்டிக்கு அடியில் மரக்குற்றி முட்டுக் கொடுக்காமல் யாரும் குனிய வேண்டாம் என்று முதலில் சொன்னேன். பிறகு இருவரும் அண்ணாந்து நெல்லு மூட்டைக்கு மேலே பார்த்தோம். மரை ஒத்தது, நீளமும் ஒத்தது. கழற்றிக் கொடுத்தேன்.

தைப்பொங்கல் முடிந்து முதல் பஸ்ஸில் வவுனியாவுக்குப் போக வேண்டும். இந்த முறை கோடு போட்டுக்கொண்டு.